நாடா என்றால் ரிப்பன் இல்லை

"எபேசியர் நாலு, இருபத்திநாலு" என்று எழிலரசி போனைப் பார்த்து வசன எண் சொல்கிறார். கை தறிக் கயிற்றை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அந்தச் சத்தத்தில் போனுக்கு எங்கே காது கேட்கும்? 'ஏன் பேசினீர்' என்று எழுதி வைக்கிறது. "பேஜார் புடிச்ச போனு" என்று திட்டி, தறியை நிறுத்தித் தானே திருத்துகிறார்.

ஆரணியில் கூலிக்குப் பட்டுப் புடவை நெய்கிறவர். படிப்பு எட்டாவது. ஆனால் அந்தப் போனுக்குள் மூன்று வருடமாக ஓர் எக்செல் ஷீட் வளர்கிறது. வேதாகமத்தில் நூல், துணி, நெசவு என்று வருகிற இடமெல்லாம் அதில் உண்டு. வசனம், சொல், பொருள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'டவுட்டு'. நிரம்பி வழிவது அதுதான்.

"இவ்ளோ சந்தேகமா?" என்றேன்.

"கேக்காம வுட்டா எப்டிங்க புரியும்?"

நியாயம்தானே!

போன ஞாயிறு சபையில் பேச இவருக்கு முதன்முறையாகப் பத்து நிமிடம் கிடைத்திருந்தது. அதற்கும் வந்தது வினை. ஸ்லைடுகளை முன்னாடியே பார்த்த செயலாளர் ஜீவானந்தம், தேசூரிலிருந்து வந்து குடியேறிய வாத்தியார், யோபுவிடம் வந்ததும் நின்றுவிட்டார். தன் நாட்கள் நெய்கிறவனின் நாடாவைவிட வேகமாக ஓடுகின்றன, போனது திரும்பாது என்று யோபு புலம்பும் இடம் அது.

"நாடான்னா ரிப்பன்மா. நீ என்னமோ கட்டய போட்டுகினு இருக்க. மாத்து. இல்லாட்டி அந்த டைம பாட்டு பாட அமலாவுக்குக் குடுத்துடறேன்."

தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுமந்து இப்படியும் அப்படியும் பாய்கிற அந்தக் கட்டைதான் நாடா. ஆரணியில் இருந்துகொண்டு இது தெரியாதா மனுஷனுக்கு! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழிலரசி குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மாத்த மாட்டேங்க சார். நாளெல்லாம் என் கையில ஓடறது எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து ஸ்லைடிலிருந்த கட்டைப் படத்தை நீக்கிவிட்டு, தன் தறியையே வீடியோ பிடித்து அந்த இடத்தில் வைத்தார். ஞாயிறன்று யார் பேரையும் கூப்பிடுமுன் எழுந்துபோய், போனைப் புரொஜெக்டரில் மாட்டிவிட்டார்.

யோபுவின் முறை வந்தது. "எத்தினி தபா ஓடுதுன்னு எண்ணுங்க சார்."

திரையில் நாடா பாய்ந்தது. ஜீவானந்தம் முன்வரிசையில் விரல்விட்டு எண்ணினார். ஏழில் தவறவிட்டார். பின்னால் இருந்த தறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வீடியோவும் முடிந்துவிட்டது.

"இரும்மா, இரு. இன்னொரு தபா போடு."

எழிலரசி போடவில்லை. "போனது திரும்பாதுங்க சார்." அவரையே பார்த்துக்கொண்டு, அடுத்த ஸ்லைடுக்கு விரலைத் தள்ளினார்.