முகப்பில் இருந்த இரண்டாவது பெயர்

இது நடந்தது. நடந்த வரிசையில்தான் எனக்குச் சந்தேகம். எந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது, மச்சான் எப்போது சிரித்தார், எப்போது சிரிப்பதை நிறுத்தினார் என்பதெல்லாம் இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நேரங்கள் மட்டும் சரி. அவற்றை அப்போதைக்கப்போதே நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

பழைய பாக்கெட் கடிகாரங்களின் முகப்பில் ஒரு நகைக்கடைக்காரரின் பெயர் இருக்கும். கடிகாரத்தைச் செய்தது அவர் அல்ல. எங்கோ ஒரு தொழிற்சாலை செய்யும்; இவர் வாங்கி, தன் பெயரைப் போடச் சொல்லி விற்பார். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைத் தேடுவதுதான் பதிமூன்று வருடங்களாக என் பொழுதுபோக்கு. பழைய வணிகக் கையேடுகள், விளம்பரங்கள், மங்கிப்போன ரசீதுகள். வார நாட்களில் அலுவலகம். மற்ற நேரமெல்லாம் செத்தவர்களோடு. அதனால் மச்சான் எனக்கு வைத்த பெயர் ‘தூசி மாப்பிள்ளை’.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவர். தன் மனைவியையும் இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நான்காவது தலைமுறையாக அவர் நடத்திய நகைக்கடைக்கு நூறு வயது ஆகப்போகிறது, ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தாருங்கள் என்றார். அட்டையில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் போட்ட கடிகாரத்தின் படம் வர வேண்டும். அதன் கீழே எழுதியவர் என்று என் பெயர். முதல்முறையாக என் பெயர் அச்சில் வரப்போகிறது. அதற்காக நான் எதற்கும் தயாராக இருந்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

கடிகாரம் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது மச்சானின் நிபந்தனை. எனவே கடை மூடியிருக்கும் ஞாயிறுகளில் மாடி அறையில் வேலை செய்தேன். கீழே அவர் மட்டும் இருப்பார்.

முதல் ஞாயிறு. படம் எடுப்பதற்காக முகப்பைத் துடைத்தேன். பீங்கான் முகப்பில் சூளையில் சுட்ட எழுத்து எதற்கும் அசையாது. அந்த நம்பிக்கையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்துவிட்டேன். மணி 3.52. பஞ்சு கறுத்தது. சுடாத மையில் எழுதிய கொள்ளுத்தாத்தாவின் பெயரும் அதன் கீழிருந்த வெள்ளைப் பூச்சும் பஞ்சோடு வந்துவிட்டன.

அடியில் இன்னொரு பெயர் இருந்தது. சுட்ட எழுத்து. எத்தனை துடைத்தாலும் போகாதது.

4.10க்குக் கீழே சத்தம். டொக்... டொக்... டொக். இரும்புக் கதவில் விரல் முட்டியால் தட்டுவது போல. இறங்கிப் போனேன். கடையின் பின்பக்கம் லாக்கர் அறை. அதன் கனத்த கதவை வெளியிலிருந்துதான் மூடவும் திறக்கவும் முடியும். அது பாதி திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மச்சான் முன்பக்கம் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் வணிகக் கையேடுகளைப் புரட்டினேன். அதே தெரு, அதே கதவு எண். முதல் ஆறு வருடம் கடை அந்த இரண்டாவது பெயரில் இருந்தது. ஏழாவது வருடம் கொள்ளுத்தாத்தா பெயரில். பிறகு திருமணப் பதிவைத் தேடிப் பார்த்தேன். அந்த மனிதர் கொள்ளுத்தாத்தாவின் தங்கை கணவர்.

அடுத்த ஞாயிறு மச்சானிடம் சொன்னேன்.

"கடையை ஆரம்பிச்சது உங்க கொள்ளுத்தாத்தா இல்ல மச்சான். அவரோட தங்கச்சி புருஷன்."

"யாரு சொன்னா?"

"கடிகாரமே சொல்லுது."

"அப்ப அதை வாயை மூடச் சொல்லுங்க." பல் குத்திக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒரு மாப்பிள்ளை ஆரம்பிச்ச கடைன்னா உங்களுக்குக் குளுகுளுன்னு இருக்குமே!"

"நான் அதுக்காகச் சொல்லல..."

"முகப்புல கொள்ளுத்தாத்தா பேரைப் பழையபடி எழுதிடுங்க. பொடி எழுத்து எழுதத்தான் உங்களுக்கு நல்லா வருமே. இல்லன்னா புத்தகமே வேணாம்."

நான் எழுத உட்கார்ந்தேன். அடியில் இருந்த பெயரை வெள்ளைப் பூச்சால் மறைத்தேன். அதன்மேல் மெல்லிய தூரிகை, கறுப்பு மை. என் பெயர் அச்சில் வர, இன்னொருவர் பெயரை என் கையாலேயே புதைத்தேன்.

4.10. தட்டும் சத்தம். இந்தமுறை வேகமாக. ஓடினேன். லாக்கர் அறைக் கதவு மூடியிருந்தது. திறந்தேன். காலி. ஆனால் உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ வெகுநேரம் மூச்சு விட்ட அறை போல.

மேலே வந்தபோது நான் எழுதிய எழுத்துகளில் பாதி அழிந்திருந்தது. ஈரம் காயாத மையில் விரல் இழுத்த தடம்.

மூன்றாவது ஞாயிறும் எழுதினேன். 4.10க்கு உள்ளங்கைகளால் அறையும் சத்தம். பாதிப் படி இறங்கினேன். சத்தம் நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் எழுத்து மறுபடி அழிந்திருந்தது.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது மச்சான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"உன் புருஷன் வாராவாரம் காலி அறைக்குக் கதவு திறந்துவிடுறாரும்மா. நான் ஒரு வாட்ச்மேன் வேலை போட்டுத் தர்றேன்."

என் மனைவியும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அண்ணன் விளையாட்டுக்குச் சொல்றாரு."

இனி இறங்கிப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

நான்காவது ஞாயிறு.

4.10.

டொக்... டொக்... டொக்.

நான் தலை நிமிரவில்லை. முதல் எழுத்தை எழுதினேன்.

4.14. இரு கைகளாலும் அறையும் சத்தம்.

4.19. ஏதோ குரல். கனத்த கதவுக்குப் பின்னாலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல... ‘மாப்பிள்ளை’ என்று.

கடையை ஆரம்பித்த அந்த மனிதரும் ஒரு மாப்பிள்ளைதானே. தன்னை அப்படி அழைத்த கொள்ளுத்தாத்தாவை அவர் பழித்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

அப்படித்தான் நினைத்தேனா?

எழுதிக்கொண்டே இருந்தேன்.

இந்தமுறை ஒரு எழுத்துகூட அழியவில்லை.

4.31.

சத்தம் நின்றது.

கடைசி எழுத்தை முடித்தேன். எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

5.40க்குக் கீழே இறங்கினேன். முன்பக்க நாற்காலி காலியாக இருந்தது. மச்சானின் செருப்பு லாக்கர் அறை வாசலில் கிடந்தது. கதவு மூடியிருந்தது.

திறந்தேன்.

கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தவர் என் காலில் சாய்ந்தார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். கதவை வெளியிலிருந்து மூடியது யார் என்பதற்குப் பதில் இல்லை. தெருக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இன்ஸ்பெக்டர் கேட்டார், "தட்டுற சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா சார்?"

உள்ளதைச் சொன்னேன். "தினமும் அந்த நேரத்துக்கு யாரோ தட்டுவாங்க. போய்ப் பார்த்தா ஆள் இருக்காது. அன்னைக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

தினமும் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் அங்கே போனது ஞாயிறுகளில் மட்டும்தான்.

எட்டு மாதம் கழித்து ஒரு பழைய செய்தித்தாள் கிடைத்தது. கடை பெயர் மாறிய வருடத்துடையது. முதல் உரிமையாளர் லாக்கர் அறையில் அடைபட்டு இறந்திருக்கிறார். கடையில் அப்போது இருந்தவர் அவருடைய மச்சான் மட்டும், அதாவது கொள்ளுத்தாத்தா. விசாரணையில் அவர் சொன்னதை அப்படியே அச்சிட்டிருந்தார்கள். தினமும் அந்த நேரத்துக்கு யாரோ தட்டுவார்கள், போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது, அன்றைக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

அந்த லாக்கர் அறையைக் கட்டி முடித்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது என்றும் செய்தியில் இருந்தது. அதற்கு முன் அங்கே யாரும் சாகவில்லை. அப்படியென்றால் கொள்ளுத்தாத்தாவுக்குத் தட்டியது யார், அல்லது யாருமே தட்டவில்லையா?

மச்சான் போய் மூன்று வருடமாகிறது. கடை என் மனைவிக்கு வந்தது. அவள் அங்கே காலெடுத்து வைப்பதில்லை, என்னோடும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. புத்தகம் அச்சாகவில்லை. அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கடையை நான்தான் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் யாரும் இருப்பதில்லை; 4.10க்கு யாராவது தட்டினாலும் கேட்க ஆள் இல்லை.