அம்மா மூடிவைத்த தண்ணீர்

கொதித்து ஆறும் தண்ணீருக்கு ஒரு மணம் உண்டு. சூடான அலுமினியப் பானையின் மணம் கலந்த அந்த ஆவியோடுதான் மாசாய் நகரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சனிக்கிழமைகள் தொடங்கின. தொழிற்சாலையில் வேலை செய்த அம்மா, விடுப்பு நாளில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கழுவிக் காயவைத்த இரண்டு "தோங்" பீப்பாய்களில் நிரப்பி இறுக மூடிவைப்பார். முந்தைய வாரத்துத் தண்ணீர் துணி துவைக்கப் போகும்.

"பைப்புல தண்ணி வந்துக்கிட்டுத்தானே இருக்கு, எதுக்கு இந்த வேல?" என்று அப்பா சிரிப்பார்.

"நின்னதுக்கு அப்புறம் எதப் புடிச்சு வைக்கிறது லா?" என்பார் அம்மா.

ஒரு வறட்சிக் காலத்தில் பெரிய குழாய் வெடித்து வட்டாரமெங்கும் தண்ணீர் நின்றது. எல்லோரும் மோட்டார் சைக்கிளில் பக்கத்துக் கம்பத்துக்குப் போய், அந்தக் கிராமத்துக் கிணற்றின் கலங்கல் நீரை மொண்டுவந்தார்கள். அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் காக் யா, கேஸ் தீர்ந்துபோனதால், அதைக் கொதிக்கவைக்காமலே கைக்குழந்தைக்குப் பால் கலக்கிக் கொடுத்துவிட்டார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கிளினிக்கில் உப்புப் பொடி கொடுத்து, கொதித்து ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும் என்றார்களாம். அழுதுகொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரே தோங். அம்மா அதை அப்படியே தூக்கினார்.

"நம்ம புள்ளைங்களுக்கு?" என்றார் அப்பா.

"இதுங்க கொஞ்சம் பொறுத்துக்கும். அது பச்சப் புள்ள. நீங்க கிணத்துத் தண்ணி கொண்டாங்க, நான் காய்ச்சித் தரேன்."

அப்பா வண்டியை எடுத்தார். அவர் கொண்டுவந்த நீரைத் தெளியவைத்து, மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு அம்மா இறக்கினார். நாங்கள் வறண்ட நாக்குடன் அது ஆறும்வரை காத்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டு மற்ற வீட்டுக்காரர்களும் குடங்களோடு வந்தார்கள். எங்கள் அடுப்பு மாலைவரை அணையவில்லை. குழந்தை தேறி, பால் குடித்தது என்று காக் யா வந்து சொன்னபோது, அம்மாவின் மகளாக இருப்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்போது என் தரைவீட்டில் கூரைமேல் தொட்டி, சமையலறையில் வடிகட்டி இயந்திரம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாது; நான் இருப்பது அவர்களுக்கும் தெரியாது. அன்று தண்ணீர் நின்றால் யாரைப் போய்க் கேட்பது என்று அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் தட்டியது எங்கள் வீட்டுக் கதவை.