மீன் ஹோட்டலில் தயிர்சோறு

நான். என் மனைவி. அவள் தம்பி. எதிர்ப்பக்கம் பையன், அவன் அப்பா, அவன் அம்மா. 2006-ஆம் வருஷம் மார்ச் மாதம், புதுச்சேரி கடற்கரையில் பேர்பெற்ற ஒரு மீன் ஹோட்டலில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

என் மகள் வரவில்லை. தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் காத்திருந்தாள். பையன் அவளோடு வேலை பார்க்கிறவன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன், ஆனால் அப்பா சம்மதம் இல்லாமல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் முதலியார்பேட்டை, கிறிஸ்தவர்கள். நாங்கள் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மரியாதைக்குப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பினேன்.

பையனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் அன்றைக்கு. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் கூட்டிப்போய் வாசலில் நிறுத்திய பிறகுதான் மீன் ஹோட்டல் என்று தெரிந்தது.

அவன் அப்பா மின்துறையில் லைன்மேன். முன்கூட்டியே வந்து, கடலைப் பார்த்த மேசையாகச் சொல்லி வைத்திருந்தார். சாப்பாட்டையும் அவரே சொல்லிவிட்டார். வறுத்த வஞ்சிரம், இறால், நண்டு. பையனின் அம்மா எழுந்து, பெரிய நண்டாகப் பார்த்து என் மனைவி தட்டில் வைத்தார்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் சட்டியைத் தொடமாட்டோம். என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் என் காதில், "தெரிஞ்சேதான் பண்றாங்க மாமா. எழுந்திரு, போலாம்" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

பையனின் அம்மா என் மனைவியிடம், "ஏன்க்கா, காரமா இருக்குமோன்னு பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமாங்க்கா, எங்களுக்கும் தவக்கால வெள்ளிதான். கறி கூடாது. அதான் மீனா இருக்கட்டும்னு..." பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்த விரத நாளில் அவர்களுக்குக் கறிதான் ஆகாது. மீன் ஆகும். அதனால் எங்களுக்கும் ஆகும் என்று நினைத்திருக்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை.

பையனின் அப்பா கையில் எடுத்த மீனைத் தட்டில் வைத்துவிட்டார். சர்வரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கட்டச் சொன்னார். எல்லோருக்கும் தயிர்சோறு கேட்டார். ஊறுகாய் இருக்கிறதா என்றதற்கு, இறால் ஊறுகாய்தான் இருக்கிறது என்றான் சர்வர். மச்சினனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதுத் தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதையும் வேண்டாம் என்றார். "இதுலயும் மீன்தான் வெச்சிருப்பாங்க. அவங்களுக்கு எல வேணும்" என்று பையனை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். அவன் பைக்கில் போய், வேர்வையில் சட்டை நனைய வாழை இலையோடு வந்தான். எங்களுக்கு மட்டும் போதாது என்று ஆறு பேருக்கும் இலை போட்டார்கள்.

தயிர்சோறு, உப்பு, பச்சை மிளகாய். சுற்றி எல்லா மேசையிலும் மீன். எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கை கழுவும்போது பையனின் அப்பாவிடம் சொன்னேன்: "கல்யாணத்த மட்டும் வெள்ளிக்கிழம வெக்காதீங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மச்சினன், "ஞாயித்துக்கிழமையா வைங்க. வஞ்சிரத்த விட்டுட்டுப் போறது எனக்கு எவ்ளோ கஷ்டம் தெரியுமா" என்றான்.

அதன்பிறகு அவரோடு அங்கே பல தடவை போய் மீன் சாப்பிட்டிருக்கிறேன். எந்த மீனும் இப்போது ஞாபகத்தில் இல்லை. அந்தத் தயிர்சோறு இருக்கிறது. நம்மை அவமானப்படுத்துகிறார்கள் என்று தோன்றும்போதெல்லாம், நாற்காலியைத் தள்ளாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். அன்றைக்கு எழுந்து போயிருந்தால் அப்படி ஒரு மனிதர் எனக்குச் சம்பந்தியாகக் கிடைத்திருக்கமாட்டார். அவர் காலமாகும் வரை அவரோடு பழகக் கிடைத்தது பதினோரு வருஷம்.