ஓட்டினால்தான் ஓடும் வண்டி

மில்லுக்குக் கலர் சார்ட்டர் வாங்க வைத்திருந்த பணத்தில் நான் ஒரு கார் வாங்கினேன். கலர் சார்ட்டர் என்றால், ஓடி வருகிற உளுந்தில் கறுத்த பருப்பையும் கல்லையும் கண்டுபிடித்து ஊதித் தள்ளுகிற மெஷின். பழைய மெஷின் இன்னும் நாலு வருஷம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது ஐம்பது முடிந்து இரண்டு மாதம்.

கோயம்புத்தூரில் ஒருவர் ஒன்பது வருஷம் வைத்திருந்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். முன்னால் பானட்டைத் திறந்தால் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்குக் குழி, அவ்வளவுதான். பதினெட்டு வயதில் அப்பாவின் டெம்போவை ஓட்டிப் பழகியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு, டிரைவர் வராத நாட்களில் மில்லின் லோடு வண்டியை ஓட்டியிருக்கிறேன். வேகமாக ஓட்டப் பிடிக்கும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

என் கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் வீட்டுக்கு வந்த அன்று அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஸ்டெப்னி எங்க?"

"கிடையாது. பஞ்சர் ஆனா டயருக்குள்ள விடுததுக்கு ஒரு மருந்து டப்பா குடுத்திருக்காவ."

"மருந்து டப்பா," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஏறி உட்காரச் சொன்னால், முழங்கால் மடங்காது என்பார். அதே முழங்காலோடு தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறவர்.

முதல் வருஷம் அந்தக் காரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து மில்லுக்கு மூன்று கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஐந்து வேகத்தடை; ஒவ்வொன்றிலும் வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவேன். பின்னால் வருகிற மினி பஸ்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டார். இதற்கென்று இருக்கிற உயர்ரக பெட்ரோல் பைபாஸில் ஒரே ஒரு பங்கில்தான் கிடைக்கும். ஊருக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். மில்லுக்குப் போனதும் குடோனுக்குள் விட்டு, உறை போட்டு மூடிவிடுவேன். தூசி படக்கூடாதே என்று.

இரண்டு தடவை பேட்டரி செத்தது. பிறகு ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் கோயில் கொடைக்குக் கட்டின சீரியல் செட் மாதிரி எரிந்தது. எஞ்சின் ஒரு தரம் முக்கிவிட்டு நின்றுவிட்டது.

எலி. பருப்பு மில் குடோனில் எலி இருக்கும் என்று ஒரு மில்காரிக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

மதுரையிலிருந்து வண்டி தூக்குகிற லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. சர்வீஸ் சென்டரில் பதமாகத்தான் பேசினார்கள். கடித்துக் குதறிய வயர்களைப் போட்டோ எடுத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். வயர் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும், நாலரை லட்சம்.

"கடிச்ச எடத்த மட்டும் ஒட்டுப் போட முடியாதா?"

"எங்களால அப்படிச் செய்ய முடியாது மேடம். பின்னால ஏதாவது ஆனா நாங்க பொறுப்பு இல்லையா?"

அதுவும் நியாயம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். எங்கள் மில்லுக்கு லோடு அடிக்கிற லாரி டிரைவர் ஒருவரிடம் போனில் இதைச் சொன்னபோது, கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், ஒரு தடவை காட்டிப் பாருங்கள் என்றார். தூக்கு லாரி திரும்பி வரும்போது எங்கள் ஊர் கோவில்பட்டியில் இறக்காமல் நேரே கயத்தாறுக்கு விடச் சொல்லிவிட்டேன்.

தகரம் வேய்ந்த ஷெட். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். காரைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"இந்த மாதிரி வண்டி பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"பாத்ததில்லம்மா. வயரு வயருதான? கரண்டு என்ன கம்பெனி வண்டின்னு கேட்டுக்கிட்டா போகுது?"

மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நான் மில் வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வயரிலும் காகிதம் சுற்றி நம்பர் எழுதினார். பதினோரு இடத்தில் அறுந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சால்டர் வைத்து, மேலே குழாய் மாட்டி, சூடு காட்டி இறுக்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தது. ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "இது வயரு கோளாறு இல்லம்மா. பிரேக்குக் கட்ட தேஞ்சிட்டுன்னு உள்ளதத்தான் சொல்லுது. இதுல நான் கை வைக்க மாட்டேன். இது போற வேகத்துக்கு, நிக்கதுக்கு உள்ளத மதுரையிலதான் பாக்கணும்."

கூலியாக அவர் கேட்டது இரண்டு முறை டேங்க் நிரப்புகிற காசு. அதைக் கொடுக்கும்போது, மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் கணக்கைக் காட்டிக் கேட்டார்.

"வாங்கி ஒரு வருசம் ஆகுதுன்னீங்க. இம்புட்டுத்தான் ஓட்டிருக்கீங்களா?"

"பத்திரமா வச்சிருக்கேன் அண்ணாச்சி."

"பத்திரமாவா? ஓடுத காளைய வாங்கி, போர்வையப் போத்திக் கட்டிப் போட்டிருக்கீங்க. இங்கன நிக்க லாரியெல்லாம் பாருங்க, எத்தன லட்சம் கிலோமீட்டரு ஓடிருக்கும்? ஓடிக்கிட்டே இருக்கதுனாலதான் ஓடுது. நிப்பாட்டுனா பேட்டரி சாகும், ரப்பர் காயும், எலி குடி வரும். எலி ஓடுத வண்டியிலயா ஏறுது?"

மதுரையில் பிரேக் மாற்ற ஆன செலவில் இரண்டு நல்ல கறவை மாடு வாங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது, சாத்தூர் தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. அதன் மேல் படாமல் வண்டி நின்ற விதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பில்லைப் பற்றி நான் பேசுவதில்லை.

அன்றிலிருந்து குடோனை விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் வெயிலிலேயே நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசுவந்தனை வழியாக எப்போதும்வென்றான் என்கிற ஊர் வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, ஆள் இல்லாத ரோடு. என்ன வேகத்தில் போனேன் என்று இங்கே எழுத மாட்டேன். வாத்தியார் இதைப் படிப்பார். ஒன்று மட்டும் சொல்லலாம். நாலு டயர் மாற்றினேன், ஆயில் மாற்றினேன். அதைத் தவிர, அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு. புதூர் பக்கத்தில் எங்களுக்கு வருஷா வருஷம் உளுந்து போடுகிற விவசாயி வீட்டில் காதுகுத்து. வீட்டிலிருந்த இன்னொரு காரை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் போனால் சாப்பாட்டுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாப்பதுக்கு மேல போகக்கூடாது," என்றார்.

நாற்பதில்தான் போனேன். சைக்கிள் ஒன்று மட்டும்தான் எங்களை முந்தவில்லை. புதூருக்கு முன்னால் பாலம் வேலை நடக்கிறது என்று காட்டுக்குள் மாற்றுப்பாதை போட்டிருந்தார்கள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஐம்பதடி போயிருப்போம். கரிசல் மண் நனைந்தால் காலில் கிடக்கிற செருப்பையே விடாது, தரையோடு தரையாக இருக்கிற காரை விடுமா? சக்கரத்தைச் சுற்றி மண் அப்பி, வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது.

என் கணவர் இறங்கிக் குடையை விரித்து, புதைந்த சக்கரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார்.

பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்கள் வந்தார்கள். உரச்சாக்கை மடித்து மழைக்குத் தலையில் கொங்காணி போட்டிருந்தார்கள். அவர்களோடு ஆடு மேய்க்கிற ஒருத்தியும், அவளுடைய ஆடுகளும்.

"எதுக்கும்மா இத இங்கன எறக்குனீங்க? டிராக்டரே திணறுத எடம்," என்றாள் சிவப்பு ரவிக்கைக்காரி. அவள்தான் அந்தக் கூட்டத்துக்கு வாய்.

"ஏட்டி, இதுல எத்தன பேரு போலாம்னு கேளு," என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டு பேருதான்," என்றேன்.

"இம்புட்டு நீளத்துக்கு ரெண்டு பேரா? பின்னால என்ன இருக்கு?"

"எஞ்சின்."

"எஞ்சினுக்குத் தனி ரூமு. பிள்ளைகளுக்கு எடமில்ல."

இரண்டு பேர் தங்களுக்குள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நல்லவேளை எனக்குப் புரியவில்லை. சக்கரத்துக்கு அடியில் போட ஒருத்தி வேலிக்கருவை வெட்டப் போனாள். முள் குத்தினால் ஸ்டெப்னி இல்லை என்று நான் கத்தியதும் எல்லாரும் தலையிலிருந்த சாக்கைக் கழற்றிக் கீழே விரித்தார்கள். களைக்கொத்தியால் சக்கரத்து மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். ஏழு பேரும் என் கணவரும் பின்னாலிருந்து தள்ள, கார் பன்றி மாதிரி உறுமிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் தார் ரோட்டில் ஏறியது. என் கணவரின் வெள்ளை வேட்டி இடுப்பு வரைக்கும் கறுப்பு.

அவர் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"காசு எதுக்கு சார்?" என்றாள் சிவப்பு ரவிக்கைக்காரி. "ஆளுக்கு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"கால் பூராம் சேறா இருக்கேட்டி," என்றாள் ஒருத்தி.

"வண்டியே சேறுதான், ஏறுங்க," என்றேன்.

ஒரு சீட், ஏழு பேர். கோயில் பக்கத்தில் ரோடு வளைகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர். ஏழு தடவை போனேன். முதல் ஆள் போகும்போதும் வரும்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இறங்கியதும் "நல்லா இருந்துச்சு" என்றாள். இன்னொருத்தி டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வளைவில் திருப்பப் போனபோது, "இன்னும் கொஞ்சம் போங்கக்கா" என்றாள். ஆட்டுக்காரியின் முறை வந்தபோது அவள் தயங்கினாள்.

"என் ஆட்ட யாரு பாப்பா?"

"நான் பாக்கேன், நீ போயிட்டு வா," என்றார் என் கணவர். நாங்கள் திரும்பி வந்தபோது ஒரு கையில் குடையோடு, இன்னொரு கையில் குச்சியோடு ரோட்டில் நின்றார். "பதினாலு இருந்துச்சு, பதினாலும் இருக்கு," என்று அவளிடம் ஒப்படைத்தார்.

கடைசியாகச் சிவப்பு ரவிக்கைக்காரி ஏறினாள். பெல்ட் போட்டு விட்டேன். மழை விட்டு, ரோடு காயத் தொடங்கியிருந்தது.

"எம்புட்டு வேகம் போகும்?"

சொன்னேன்.

"அப்பம் போங்க."

நேர் ரோடு. கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரு வண்டி இல்லை. அழுத்தினேன். அவள் ஆவென்று கத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவு வந்ததும் மெதுவாக்கினேன்.

"எங்க வீட்டுக்காரவிய பைக்குல போனா அவிய முதுகுதான் தெரியும். பஸ்ஸுல போனா ஆளுங்க தல. ரோடு இப்படி நம்மள நோக்கி வரும்னு இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றாள்.

வளைவில் திருப்பாமல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனேன்.

காதுகுத்து முடிந்து, கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தோம். என் கணவரின் வேட்டியைப் பார்த்து விசாரிக்காத ஆள் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டார். எப்போதும்வென்றான் போகிற ரோடு எது என்று கேட்டார். சொன்னேன். "அப்படியே சுத்திப் போயேன்," என்றார். நாற்பது என்கிற பேச்சு அன்றைக்குப் பிறகு வரவில்லை.

அடுத்த வாரம் மதுரையில் வண்டியை மேலே தூக்கிப் பார்த்தார்கள். அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டு கிழிந்து தொங்கியது. ரேடியேட்டர் இடுக்கெல்லாம் கரிசல் காய்ந்து செங்கல்லாகியிருந்தது. "மேடம், வயல்ல ஓட்டுனீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன். சுத்தம் பண்ணவே இரண்டு நாள் ஆனது. இதுவரை கொடுத்த பில்களில் நான் முகம் சுளிக்காமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

இப்போது முன்சக்கரத்துப் பக்கம் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் கடகட என்று சத்தம். ஓட்டலாம், பயமில்லை, ஆனால் சாமான் வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். வரட்டும். விளாத்திகுளம் பக்கம் புது ரோடு போட்டிருக்கிறார்களாம், பள்ளமே இல்லையாம். இந்த ஞாயிறு அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.