எச்சில் அக்கா

அம்மா ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். வாரம் மூன்று நாள், காலை ஐந்தரைக்கு, நீச்சல்குளத்தின் ஈரப் படியில் உட்கார்ந்து பன்னிரண்டு பெண்களின் எச்சிலைச் சிறு குழாய்களில் சேகரிப்பார். கடும் பயிற்சி இளம் உடலின் நோய் எதிர்ப்பையும் மன அழுத்த ஹார்மோனையும் என்ன செய்கிறது என்பது ஆய்வு. பெண்கள் வைத்த பெயர் எச்சில் அக்கா. அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அவர் இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அவருடைய நோட்டில் பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஓரங்களில் குளத்தடிப் பேச்சையும் எழுதி வைத்திருக்கிறார்.

“வாய் காயுதுக்கா, வரவே மாட்டேங்குது.”

“எலுமிச்சம்பழத்தை நாக்குல பிழியற மாதிரி நினைச்சுக்கோ... அடிப்பாவி, குழாய்க்குள்ளடி! என் கைமேல இல்ல.”

அந்தக் குழுவில் ஒருத்திக்குத் ‘தும்மல்’ என்று பட்டப்பெயர். இரண்டு மாதத்தில் நான்கு முறை சளி. பயிற்சியாளர் நம்பவில்லை.

“நடிக்கிறா. இன்னொரு நாள் மட்டம் போட்டா டீம்ல இடம் கிடையாது.”

தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரமே இருந்தது. அவள் எச்சிலில் நோய் எதிர்ப்புப் புரதம் பாதியாகக் குறைந்திருந்தது. அழுத்த ஹார்மோன் வாராவாரம் ஏறியது. உடம்பு ஓய்வு கேட்கிறது என்றார் அம்மா. பயிற்சியாளர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“அப்போ நீங்களும் ஒரு குழாய் துப்புங்க சார்” என்றார் அம்மா.

பெண்கள் கைதட்டினார்கள். மானப் பிரச்சினை. துப்பினார்.

இரண்டு நாள் கழித்து அம்மா தாளை நீட்டினார். பெயர்கள் இல்லை, கலைத்துப் போட்ட எண்கள்தான். எண்ணைப் பார்த்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சியாளர் விரலை ஓட்டி, அழுத்த ஹார்மோன் உச்சியிலிருந்த எண்ணில் நிறுத்தினார்.

“ஐயையோ, இது யாரும்மா? இந்தப் பிள்ளைக்கு உடனே ஓய்வு குடுக்கணும்.”

“அது நீங்க சார்.”

விசில் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டார். பிறகு சன்னமாகக் கேட்டார்:

“ரெண்டாவது?”

“தும்மல்.”

“பத்து நாள் போதுமா?”

“உங்களுக்கா, அவளுக்கா?”

அவளுக்கு முதல் ஐந்து நாள் முழு ஓய்வு, அடுத்த ஐந்து நாள் பாதிப் பயிற்சி. பயிற்சியாளர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்கினார். அவர் மனைவி அம்மாவுக்குப் போன் செய்து, “மனுஷனுக்கு என்ன மருந்து குடுத்தீங்க? சிரிக்கிறாரு, பயமா இருக்கு” என்றார்.

போட்டியில் ‘தும்மல்’ நான்காவதாக வந்தாள். அணியில் நான்கு இடம். போட்டி முடிந்ததும் அம்மா அவளிடம் ஒரு குழாய் எச்சில் எடுத்தார். அழுத்த ஹார்மோன் போட்டியன்று ஏறவேண்டியதுதான், மாலைக்குள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும் என்றார். மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் கேக் வெட்டிக்கொண்டிருந்த அறைக்குள் குழாயோடு போய் நின்றார்.

“அக்கா, இன்னிக்காவது விடுங்கக்கா!”

“முதல்ல துப்பு, அப்புறம் கேக்.”

இரண்டு நாளில் முடிவு வந்தது: போட்டி முடிந்ததும் தாறுமாறாக ஏறியிருந்த ஹார்மோன் மாலையில் இறங்கியிருந்தது. நோட்டில் அந்த எண்ணை அம்மா இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.