மூன்றிலேயே நின்ற எண்

ராயபுரத்தில் மீனுக்கு ஐஸ் செய்யும் கம்பெனி அது. என் அண்ணன் அங்கே கம்ப்ரசர் அறையில் வேலை செய்தார். கொரோனா வந்துபோனதிலிருந்து அவருக்கு வாசனையே தெரியாது. குளிரூட்டும் அமோனியா என்ற விஷவாயு குழாயில் ஓடும் இடத்தில் மூக்கு செத்த ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? முதலாளிக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் அண்ணனுக்கு மூக்கு. காற்றில் அமோனியா எவ்வளவு என்று அதில் ஓர் எண் வரும். எண் ஏறினால் கம்ப்யூட்டரே அலறும். கண்ணாடி ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தபடியே வேலை செய்வார்.

அது அடிக்கடி ஹேங் ஆகிறது என்று, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன, கேபிளில் குறையில்லை. அப்புறம் மெமரியைக் கழற்றினேன். உப்புக் காற்றில் அதன் மஞ்சள் கோடுகள் கறுத்திருந்தன. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். ஓடியது. புதிதாக மாற்றியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம், வேறென்ன.

"இனிமே நம்பரப் பாத்துக்கினு தைரியமா வேல செய்ண்ணே" என்று பெரிய மேதாவி போலச் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை, பிரிண்டர் பார்க்க மறுபடி அங்கே போனேன். திரையில் மூன்று. நல்ல எண்தான். மவுஸை நகர்த்தினேன், அம்பு அசையவில்லை. திரையின் மூலையில் மணி 9.40. என் போனில் பதினொன்றேகால்.

ஒன்றரை மணி நேரமாக அண்ணன் ஒரு செத்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஓடினேன். கம்ப்ரசர் அறைக் கதவைத் திறந்ததும் நெடி தொண்டையைப் பிடித்தது. வால்வுக்கு அடியில் குனிந்து, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, அண்ணன் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடா பேஜாரு பண்ற? வேர்வ கண்ல பட்டு எரியுது, அவ்ளோதான். நம்பர் மூணுதான கீது!"

"அது ஹேங் ஆயி நிக்குதுண்ணே! வெளிய வா!"

வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். வாயு முகமூடி போட்ட ஊழியர் ஒருவர் உள்ளே போய் வால்வை அடைத்தார். அண்ணன் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கண்ணு எரியசொல்லவே டவுட்டு வந்துச்சுடா" என்றார். "நீ ரெடி பண்ணதாச்சேன்னு இருந்துட்டேன்."