திண்டுக்கல் வரைக்கும் ஒரு லோயர் பர்த்

"ஸார், ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க" என்று ஓர் ஆள் என் கையைப் பிடித்துக் கதவருகே இழுத்தார். மைசூரிலிருந்து தூத்துக்குடி போகும் வண்டி அப்போதுதான் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டியிருந்தது. நான் எஸ்-5 கோச்சில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருந்தேன். டி.டி.இ.யைத் தனியாகக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பர்த் கேட்கத்தான் கூப்பிடுவார்கள். இவரும் அதைத்தான் கேட்டார். ஆனால் கேட்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஆர்.ஏ.சி.ங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு. எனக்கு ஒண்ணும் வேண்டாம். எங்க மாமனுக்கு மட்டும் திண்டுக்கல் வரைக்கும் ஒரு லோயர் பர்த் குடுங்க. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சவருங்க."

"பெங்களூர் தாண்டட்டும், யாராவது வரலைன்னா பார்க்கிறேன்" என்றேன். எல்லோருக்கும் சொல்கிற பதில்தான்.

அவர் போகவில்லை. "மாமன் பொண்ணுக்கு இன்னிக்கு பிரசவமுங்க. குழந்தை நல்லா இருக்குது. அந்தப் புள்ளதான்... மத்தியானமே தவறிப்போச்சுங்க ஸார். மாமனுக்குச் சொல்லல. பேத்தி பொறந்திருக்குன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். தப்பித் தவறி யாராச்சும் உளறிட்டா என்ன ஆகுமோன்னு பயமா இருக்குதுங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் பெயர் சிவராஜ். மைசூரில் ஒரு டயர் கம்பெனியில் வேலை. மாமன் மாரப்பன் கர்நாடக எல்லையோர ஹனூர்ப் பக்கத்து விவசாயி. இருதயச் செக்கப்புக்காக அக்கா மகன் சிவராஜ் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள். ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்.

நான் போனபோது மாரப்பன் சைடு லோயரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிர்ச் சீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மைசூர்த் தமிழர். பேச்சில் பாதி கன்னடம்.

"ஹௌதா, அப்படியா? தாத்தா ஆயிட்டீங்களா? ஸ்வீட் எங்கே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஊர் போய்த்தானுங்க. என்ற பொண்ணு கையால எடுத்துக் குடுக்கோணும்" என்று சிரித்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, பேத்தி பொறந்திருக்குதுங்க" என்றார். நான் "சந்தோஷங்க ஐயா" என்று சொல்லிவிட்டு கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொண்டேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

பெங்களூரில் இரண்டு பேர் ஏறவில்லை; ஒரு லோயரும் ஒரு மிடிலும் காலியாயின. ஆர்.ஏ.சி. வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும். முறைப்படி அந்த லோயர் இவர்களுக்கு முன்னால் இருந்த ஒரு காலேஜ் மாணவிக்குப் போக வேண்டியது. அந்தப் பெண்ணிடம் போய், நெஞ்சு வலிக்காரர் என்று மட்டும் சொன்னேன். "அவருக்கே குடுங்க அங்கிள், நான் மிடில்ல படுத்துக்கறேன்" என்றாள். மாரப்பனுக்குப் படுக்க இடம் கிடைத்தது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சேலம் தாண்டியபின் கோச் முழுக்க விளக்கு அணைந்திருந்தது. நான் என் சீட்டில் இருந்தேன். மாரப்பன் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"தண்ணி வேணுமாங்க ஐயா?"

"வேண்டாம் தம்பி. ஒண்ணு கேக்கோணும். சிவராஜு உங்களைக் கதவுகிட்டக் கூட்டிட்டுப் போயி என்ன சொன்னான்?"

"பர்த் கேட்டாருங்க."

"பர்த் கேக்கறவன் கண்ணைத் தொடைப்பானுங்களா? என்ற போனை வாங்கி வெச்சுக்கிட்டான். சார்ஜ் இல்லைங்கறான். சாயங்காலத்துலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல. என்ற பொண்ணுக்குப் பல்லு வலிச்சாக்கூட எனக்குத்தானுங்க மொதல்ல போன் வரும். குழந்தை பொறந்து ஒரு போன் இல்ல." என் பக்கம் குனிந்தார். "என்ற பொண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர் ஒருவர், "பாசஞ்சர் வீட்டு விஷயத்துல தலையிடாதே, டிக்கெட்டைப் பார், அடுத்த சீட்டுக்குப் போ" என்பார். அத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தேன். சிவராஜுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் அவர் நெஞ்சு. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்திடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "இல்லீங்க ஐயா. மத்தியானமே போயிட்டாங்க. குழந்தை நல்லா இருக்கு."

அவர் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். உடம்பு மட்டும் குலுங்கியது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அடுத்த ஸ்டேஷனில் டாக்டருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினார். நாமக்கல் போயிற்று, கரூர் போயிற்று. கரூரில் ஏறியவர்களுக்கு டிக்கெட் பார்க்க எழுந்தேன். மாரப்பன் என் சட்டையைப் பிடித்து, "போயிட்டு வாங்க, இங்கதான் இருப்பேன்" என்றார். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

"நான் கேட்டதை அவன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க தம்பி. என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்குத்தான் அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றான். அவளும் அவனும் ஒண்ணா வளந்ததுங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இங்கயே உடைஞ்சு போயிருவான்."

போய்ப் படுத்துக்கொண்டார். தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடியே கிடந்தார்.

திண்டுக்கல்லில் நானும் இறங்கினேன். இன்னும் வெளுக்கவில்லை. சிவராஜ் பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

மாரப்பன் அவர் தோளில் கை வைத்தார். "சொல்லு சாமி" என்றார்.

சிவராஜ் திக்கித் திக்கி முழுவதையும் சொன்னார். மாரப்பன் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. அப்போதுதான் கேட்கிறவர் மாதிரி கேட்டார். சொல்லி முடித்ததும் அழுது சரிந்தது சிவராஜ்தான். மாமன் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சிக்னல் விழுந்தது, நான் ஏறிக்கொண்டேன். மாரப்பன் என் பக்கம் திரும்பவில்லை. மதுரை வரை என் சீட்டில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, கதவருகிலேயே நின்றேன்.

சில மாதம் கழித்து மைசூர் ஸ்டேஷனில் சிவராஜ் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார். குழந்தை ஹனூரில் மாரப்பனிடம்தான் வளர்கிறதாம். அப்பனும் வந்து போகிறாராம். மகள் பெயரையே வைத்திருக்கிறார்களாம். ஆனால் அந்தப் பெயரை மாரப்பன் வாயால் கூப்பிடுவதில்லையாம். "பாப்பா" என்று மட்டும்தானாம்.

"அன்னிக்கு நான் சொன்னப்ப மாமன் எப்படித்தான் தாங்குனாரோ ஸார். நீங்க ஒரு வார்த்தை விட்டிருந்தாக்கூட ரயில்லயே என்னமோ ஆகியிருக்கும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ரூல் ஒன்றும் இல்லை. நான் சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு விஷயம் தெரியும். ராத்திரி வண்டியில் ஒருவர் தூக்கம் வராமல் உங்கள் சீட்டுக்கு வந்து நின்றால், முதலில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

சிவராஜிடம் நான், "ஆமாங்க, உங்க மாமன் பெரிய மனசுக்காரர்" என்று மட்டும் சொன்னேன்.